தமிழ்ப்படம் போட்ட மாலையில் போன கரண்ட்

போன மாதம் எங்கள் பழைய மின்சாரக் கந்தோரில் இருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். பாதுகாப்பு பற்றிச் சிறு மலர் ஒன்று வெளியிடப்போகிறார்களாம். ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரின் அனுபவமும் அதில் வேண்டுமாம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒருவர் தன் போனைக் காட்டினார். எந்த ஊரில் எந்த லைன் விழுந்திருக்கிறது என்பது அதிலேயே சிவப்பாகத் தெரிகிறது.

“உங்கட காலத்துல கரண்ட் எங்க போயிருக்கெண்டு எப்புடி மாமா கண்டுபுடிச்ச நீங்க?”

“ஆக்கள் வந்து ஏசுவாங்க. எந்தத் தெரு ஆக்களெண்டு பாத்தாத் தெரிஞ்சிரும்.”

சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஆனால் விளக்கப்படுத்தவும் அன்று தெம்பிருக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். தோள்மூட்டு வலிப்பதால் ஒரே இருப்பில் எழுத முடியாது. விட்டு விட்டுத்தான் வரும்.

நான் கல்முனைக்குடிக்காரன். கம்பக் குழி தோண்டும் கூலியாகத்தான் சேர்ந்தேன். கடற்கரை மணலில் குழி தோண்டுவது லேசு, அதை நிற்கவைப்பதுதான் பாடு. தோண்டத் தோண்டச் சரிந்து மூடும். அதில் சில வருடம் போனது. பிறகு கம்பம் ஏறப் பழகி, பரீட்சை எழுதி, லைன்மேன் ஆனேன். ஊரில் எனக்குக் ‘கரண்டு லெவ்வை’ என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துத் தெருவிலும் தெரியாது என்பார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கனகசபை ஐயா, திருக்கோவில்காரர். சுப்பிரின்டன் வேலை. மெலிந்த ஆள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட்டோடு வருவார், அதோடுதான் வெயிலில் நிற்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் கட்டளையெல்லாம் கேள்வியாகத்தான் வரும். “அந்தக் கம்பத்தில பீங்கான் துடைச்சாச்சா?” என்று கேட்டால், ஏறித் துடை என்று பொருள். கடல் காற்றில் வரும் உப்பு, கம்பியைத் தாங்கும் அந்தப் பீங்கான்களில் படிந்துவிடும். பனி இறங்கியதும் பாம்பு சீறுவதுபோலச் சத்தம் வரும். மாதா மாதம் ஏறித் துடைக்க வைப்பார். நாம் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொய் சொல்ல வாய் வராது.

அவர் விடாமல் பிடித்த ஒரு ஒழுங்கு இருந்தது. பெரிய லைனில் இருந்து ஊருக்குள் கிளை பிரியும் கம்பத்தின் உச்சியில் மூன்று பியூஸ் குழாய்கள் இருக்கும், கம்பிக்கு ஒன்றாக. எங்கேயாவது பிழை வந்தால் அந்தக் கம்பியின் பியூஸ் வெடித்து, குழாய் தானாகக் கீழ்நோக்கித் தொங்கும். தரையில் நின்றே நீளமான தடியால் கொழுவி இறக்கி, புதுக் கம்பி போட்டு, திரும்ப மாட்டி ஏற்றிவிடலாம். கைப்பழக்கம் உள்ளவனுக்குச் சின்ன வேலை. ஆனால் ஐயா விடமாட்டார். விழுந்தது ஒன்றானாலும் மூன்றையும் இறக்க வேண்டும். இறக்கிய குழாய்களை ஒருவன் தன் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும், கம்பத்தடியில் வைக்கக்கூடாது. பிறகு லைன் போகும் வழி முழுக்க நடந்து பார்க்க வேண்டும். தொடவேண்டி வந்தால் முதலில் எர்த் போட வேண்டும். அதாவது, கம்பியில் ஒரு கொக்கியை மாட்டி அதன் மறு முனையை நிலத்தோடு இணைக்க வேண்டும்.

“மூண்டையும் இறக்கித்தானே இருக்கு, மறுகா என்னத்துக்கு ஐயா எர்த்?” என்று நான் பழகும் காலத்தில் ஒருநாள் கேட்டேன்.

“லைன் செத்துப்போச்செண்டு நீ சொல்லாத தம்பி. கம்பி சொல்லட்டும்” என்றார்.

தான் முன்பு வேலை செய்த இடத்தில், கீழே நின்ற ஒருவன் நல்ல மனதோடு லைனை ஏற்றிவிட, மேலே இருந்தவனின் உயிரற்ற உடம்பைத் தன் கையால் இறக்கினாராம். ஒரேயொரு முறைதான் சொன்னார். சொன்னபோதும் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டீவி வந்தது.

எங்கள் பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள். சவூதி, குவைத் என்று வீட்டுவேலைக்குப் போன பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரு தெருவில் ஒரு டீவி இருந்தால் அந்த வீட்டில் மாலையில் கால் வைக்க இடமிருக்காது. மலைக்கு அப்பால் இருந்து வருகிற படம். எங்கள் கரைக்கு வரும்போது அதற்கு மூச்சு வாங்கிவிடும். அதனால் அன்டெனாவை உயர்த்த வேண்டும். இரும்புக் குழாயை ஒன்றோடொன்று பூட்டித் தென்னை உயரத்துக்கு நிறுத்துவார்கள். ஒருவர் வெளியே நின்று திருப்ப, உள்ளே இருக்கிறவர்கள் “வருது… வருது… ஐயோ போயிட்டு!” என்று கத்துவார்கள். மாலையில் மஃரிப் தொழுகை முடிந்தால் எந்தத் தெருவிலும் இந்தச் சத்தம்தான்.

ஊருக்கு அது சந்தோஷம். எங்களுக்கு இடுப்பு முறிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் கரண்ட் இழுபட்டுப்போகும். கரண்ட் குறைந்தால் படம் நாலு பக்கமும் சுருங்கிக் கறுப்பு விளிம்பு கட்டும். தெருவால் சைக்கிளில் போகும்போது ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்ப்பேன். நான் டீவி பார்த்ததெல்லாம் அப்படித்தான். அதில் யார் நடிக்கிறார் என்று அல்ல, விளிம்பு எவ்வளவு என்று. சுருங்கியிருந்தால் இன்றைக்குப் பியூஸ் போகும், சாப்பாடு இல்லை என்று தெரியும். என் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். பாதிக் கதையில் எனக்குக் கண் சொருகிவிடும்.

அந்த நாட்களில் எப்போதாவதுதான் ஒரு தமிழ்ப்படம் போடுவார்கள். போடப்போகிறார்கள் என்றால் ஊரே அடங்கிவிடும். அப்படி ஒரு மாலையில்தான் மருதமுனையில் கரண்ட் போனது.

நானும் தம்பிராசாவும் சைக்கிளில் போனோம். தம்பிராசா பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு ஆள், வேலையில் என் சோடி. நாங்கள் போய்ச் சேரும்போதே கிளை பிரியும் கம்பத்தடியில் சனம் திரண்டிருந்தது. மூன்றில் ஒரு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் பல்புகள் சிவந்து மங்கி எரிந்தன. ஒரு பியூஸ் போனால் அப்படித்தான்.

“வாங்க கரண்டு லெவ்வை! படம் தொடங்கிட்டுது. டக்கெண்டு போடுங்க!”

தம்பிராசா தடியை எடுத்து மற்ற இரண்டையும் இறக்கினான். மங்கி எரிந்த பல்புகளும் அணைந்தன. அவ்வளவுதான், சனம் கொதித்துவிட்டது.

“என்னகா இது? போடச் சொன்னா இருந்ததையும் புடுங்குறானுகள்!”

“பாண்டிருப்புல மட்டும் பளிச்செண்டு எரியுது பாருங்க. சுப்பிரின்டன் சொல்லி அனுப்பியிருப்பாரு, நம்மட பக்கத்த வெட்டச் சொல்லி.”

இன்னொருவன் தம்பிராசாவின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினான். பாண்டிருப்புக்குப் போவது வேறு கிளை என்று நான் சொன்னேன். கேட்கிற நிலையில் ஒருவரும் இல்லை. குழாய்களைத் துணியில் சுற்றி என் சேர்ட்டுக்குள்ளே போட்டுப் பித்தானைப் பூட்டிக்கொண்டேன்.

“லைன நடந்து பாத்துட்டு வந்துதான் ஏத்துவேன்” என்றேன்.

அப்போது ஒரு இளைஞன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். றஹீம் என்று பெயர். கைத்தறி நெய்கிற சீனிமுகம்மது மாமாவின் மகன். அவர்கள் வீட்டை எனக்குத் தெரியும். மூத்த மகள் நபீலா குவைத்தில் வேலை செய்து, லீவில் வரும்போது ஒரு டீவியோடு வந்திருந்தாள்.

“காக்கா, எங்கட ராத்தா விடிஞ்சாப் போறா. மறுகா எப்ப வருவாவெண்டு தெரியா. உம்மாவோட ஒண்டா இருந்து ஒரு தமிழ்ப்படம் பாக்கணுமெண்டுதான் வந்த நாள்ல இருந்து சொல்லிட்டு இருக்கா. உங்களுக்கு அல்லாட பேரால சொல்றன், போட்டுட்டுப் போய் நடந்து பாருங்களே!”

நான் கல் அல்ல. அவன் கேட்டது பெரிய விஷயமும் அல்ல. ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் எங்காவது ஒரு பியூஸ் போகிறதுதான். பத்தில் ஒன்பது தரம் ஓலையோ காகமோ அல்லது பாரம் தாங்காமையோதான் காரணம். ஏற்றினால் எரியும், சனம் வீட்டுக்குப் போகும், நானும் போய்ச் சோறு தின்னலாம். அன்று காலையில் இருந்து கம்பத்தில்தான் நின்றிருந்தேன். ஏற்றிவிடலாம் என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் சேர்ட்டுக்குள் அந்தக் குழாய்கள் விலாவில் குத்திக்கொண்டிருந்தன. நான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

றஹீம் விடவில்லை. என் பக்கத்திலேயே வந்தான். கெஞ்சினான், பிறகு ஏசினான். “உங்களுக்கு உம்மா இல்லையா?” என்று கேட்டான். சேர்ட்டைப் பிடித்தும் இழுத்தான். தம்பிராசா தடியையும் எர்த் கம்பியையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். லைன் தெருவைவிட்டு வளவுகளுக்குள் புகுந்து, தென்னைகளுக்கு நடுவால், வீடுகளின் பின்பக்கமாகக் கடலை நோக்கிப் போகிறது. நான் தலையை நிமிர்த்தியபடி நடந்தேன். மேலே கம்பி, டோர்ச் வெளிச்சம், தென்னோலை. காதுக்குள் அவன் ஏச்சு.

ஒரு வளவில் வெளிச்சம் கம்பியில் ஓடி ஏதோ ஒன்றில் முட்டியது. இரும்புக் குழாய். அதன் உச்சியில் அன்டெனாவின் ஈர்க்குகள் மடிந்து தொங்கின. குழாய் கட்டு அறுந்து சரிந்து கம்பியில் சாய்ந்திருந்தது.

றஹீமின் பேச்சு நடுச்சொல்லில் நின்றது. அது அவனுடைய வீட்டின் பின்பக்கம்.

டோர்ச்சை மெல்லக் கீழே இறக்கினேன். கூரைத் தாழ்வாரத்தின் ஓட்டுக்கு மேலே ஒரு சாரன் தெரிந்தது. பிறகு ஒரு கால். அந்தக் கால் குழாயின் மேலே கிடந்தது.

“வாப்பா…” என்றான். கத்தவில்லை. வீட்டுக்குள் கூப்பிடுவதுபோல மெதுவாகச் சொன்னான். பிறகு பாய்ந்தான்.

நான் அவன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தேன். இருவரும் மணலில் விழுந்தோம்.

“விடுங்க! அது எங்கட வாப்பா! விடுங்க என்னைய!”

“தொடாத! எர்த் போடும்வரைக்கும் தொடாத!”

“நீங்கதானே கரண்ட நிப்பாட்டின! பியூஸ் உங்கட சேட்டுக்குள்ளதானே இருக்கு!”

அவன் சொன்னது சரி. மூன்று பியூஸ் குழாயும் என் நெஞ்சில் இருந்தன. அந்தக் கம்பியில் கரண்ட் வர வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சனத்தில் யாராவது ஒருவர் எங்காவது ஒரு ஜெனரேட்டரைப் போட்டு, அதன் கரண்ட் பின்வழியால் லைனில் ஏறினாலும் போதும். தம்பிராசா எர்த் கம்பியின் முளையை மணலில் அடித்தான். மேல்மணல் காய்ந்திருந்தது, பிடிக்கவில்லை. கிணற்றடி ஈரத்துக்குக் கொண்டுபோய் அடித்தான். பிறகு தடியில் கொக்கியை மாட்டி மேலே நீட்டினான். கொக்கி ஒருமுறை வழுகியது. இன்னொருமுறை வழுகியது. றஹீம் என் கைக்குள் துடித்தான். என் கையைக் கடித்தான். நான் விடவில்லை. என் வாழ்க்கையில் நான் பிடித்த பிடிகளில் அது போல ஒன்று வேறு இல்லை.

கொக்கி மாட்டியது. மற்ற இரண்டு கம்பிகளிலும் மாட்டினான். “சரி லெவ்வை” என்றான் தம்பிராசா. அப்போதுதான் கையை விட்டேன்.

சீனிமுகம்மது மாமாவை நாங்கள் மூவருமாக இறக்கினோம். மூச்சு இருந்தது. வலது கை மணிக்கட்டில் இருந்து கருகியிருந்தது. அந்த மணம் பற்றி எழுத விரும்பவில்லை. நடந்தது பிறகுதான் விளங்கியது. உள்ளே படம் தெளியாமல் ஆட, அவர் ஓட்டில் ஏறி நின்று அன்டெனாவைத் திருப்பியிருக்கிறார். காற்றில் கட்டு அறுந்து குழாய் சரிந்து கம்பியில் பட்டது. குழாயின் அடி நிலத்தில் புதைந்திருந்ததால் கரண்டின் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அவரைத் தூக்கி ஓட்டில் எறிந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வெடிச் சத்தம் கேட்டதுதான். பியூஸ் போகும் சத்தம் என்று நினைத்தார்கள். வாப்பா கூட்டத்தோடு கம்பத்தடிக்குப் போயிருப்பார் என்று உள்ளே இருந்தவர்கள் நினைக்க, வாப்பா வீட்டில் இருப்பார் என்று கம்பத்தடிக்கு வந்த மகன் நினைத்திருக்கிறான்.

வீட்டு வழியாகத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாகப் பாயில் இருந்தார்கள், கறுத்துக்கிடந்த டீவியைப் பார்த்தபடி. இடம் போய்விடும் என்று ஒருவரும் எழும்பவில்லை. முன்வரிசையில் நபீலாவும் தாயும். நபீலாதான் முதலில் கண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நானும் தம்பிராசாவும் திரும்பி வந்து அந்த இரும்புக் குழாயை இறக்கினோம், கம்பியைப் பார்த்தோம், எர்த்தைக் கழற்றினோம், மிச்ச லைனையும் கடற்கரைவரை நடந்து பார்த்தோம். பிறகுதான் ஏற்றினேன். ஊர் வெளிச்சமானது. படம் முடிந்திருந்தது. தூரத்தில் யாரோ ஊளையிட்டார்கள். நடந்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

பிறகு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் கனகசபை ஐயா நின்றார். யார் சொன்னார்களோ, வந்திருந்தார்.

“மூண்டையும் இறக்கினதா?”

“ஓம் ஐயா.”

“பியூஸ் குழாய் எங்க இருந்த?”

சேர்ட்டைத் திறந்து காட்டினேன். உள்ளே பனியன் கரிபிடித்திருந்தது, விலாவில் தோல் உரிந்திருந்தது.

“எர்த்?”

“போட்ட பொறகுதான் தொட்ட.”

அந்த ஒருமுறை அவர் கம்பியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “போய்ச் சாப்பிடு” என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

உள்ளே போய் மாமாவைப் பார்த்துவிட்டு நான் வெளியே வர, வராந்தாவில் நபீலா எழும்பி நின்றாள். இருபத்தைந்து வயது இருக்குமா தெரியாது.

“காக்கா, வாப்பாக்கு உசிருக்கு ஒண்டும் இல்லையே? நீங்க பாத்ததத்தான் கேக்கன். டொக்டர்மார் சொல்றது எனக்கு விளங்குதில்ல.”

“உசிருக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. கை கஷ்டம்.”

“கைய எடுப்பாங்களோ?”

நான் திறந்திருந்த சேர்ட்டைப் பூட்டத் தொடங்கினேன். அவளுக்குப் போதுமாக இருந்தது. கை போனால் தறி இல்லை. தறி இல்லாவிட்டால் அந்த வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான். விடிந்தால் கொழும்பு பஸ். அவள் அழவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துச் சரிசெய்துகொண்டு, “அப்ப நான் நிக்க ஏலா. போகத்தான் வேணும்” என்றாள். தனக்குத்தானே சொன்னதுபோல இருந்தது. ஒரு வருடத்தில் திரும்பி வந்து கல்யாணம் முடிக்கிற எண்ணத்தில் இருந்தவள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவள் பல வருடம் அங்கேயே நின்றுவிட்டாள்.

இதை அந்த உத்தியோகத்தர்களிடம் சொன்னால், ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் மாமா என்பார்கள். ஓம், காப்பாற்றினோம். அதன் பிறகு பிரச்சினைக் காலம் வந்தது. சூட்டுச் சத்தத்துக்கு நடுவே கம்பத்தில் நின்றிருக்கிறோம். சுனாமிக்குப் பிறகு மணலில் புதைந்த கம்பங்களை இழுத்து எடுத்திருக்கிறோம். அதையெல்லாம் எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. உடம்பு கேட்கவில்லை. ஆனால் இன்னொன்றை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

சில மாதம் கழித்து றஹீம் எங்கள் கந்தோர் வாசலில் வந்து நின்றான். நான் அவன் கடித்த இடத்தைக் காட்டிச் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. “வாப்பா உங்களைய வரட்டாம். இண்டைக்குப் படம் போடுறாங்க” என்றான். அன்று எனக்கு முறை இல்லை. போனேன்.

அன்டெனாவை வீட்டின் முன்பக்கம், லைனுக்குத் தூரமாக நட்டிருந்தார்கள். தாழ்வாக நட்டிருந்ததால் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அது பற்றி ஒருவரும் முறையிடவில்லை. சீனிமுகம்மது மாமா மொட்டையாகிப்போன வலக்கையைத் துவாயால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். என்னைக் கதிரையில் இருத்தினார். மாமி தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் பாயில். நபீலா இருந்த முன்வரிசையில் வேறு யாரோ இருந்தார்கள்.

படம் தொடங்கியது. ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, ஜன்னல் கம்பிக்கு உள்ளே இருந்து நான் படம் பார்த்தது அதுதான் முதல் தடவை. விளிம்பு கட்டவில்லை என்று பார்த்தது நினைவிருக்கிறது. கதாநாயகி ஒரு கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது வீடு வெறுமையாக இருந்தது. டீவி அணைந்திருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். என் மேல் ஒரு கைத்தறிச் சாரன் போர்த்தியிருந்தது. மாமி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“எழுப்பியிருக்கலாமே மாமி.”

“உங்கட மாமாதான் விடல்ல. புள்ள அலுத்துப் போயிருக்கான், தூங்கட்டும் எண்டாரு. சத்தத்த முழுக்கக் குறைச்சிட்டம்.”

“அப்ப எல்லாரும்?”

“எல்லாரும் சத்தம் இல்லாமத்தான் பாத்த.”

“படம் என்னண்டு முடிஞ்சது?”

மாமி சுருட்டிய பாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“அவ என்ன சொன்னாவெண்டு தெரியா மனே. வாய் மட்டும் அசைஞ்ச. முதல்ல அழுதா. மறுகா சிரிச்சா. நல்லா முடிஞ்சிருக்கும்.”